ஒளிஞ்சு வாழ்ந்த யூதக் குடும்பங்கள்: என்கிட்ட எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

நான் இருக்கிறது ஆம்ஸ்டர்டாம் பக்கத்துல. ஊர்ல இருந்து சொந்தக்காரங்க யார் வந்தாலும் ரூட் ஒண்ணுதான், டியூலிப் தோட்டம், காத்தாடி மில், அப்புறம் "அந்தப் பொண்ணு ஒளிஞ்சிருந்த வீடு". இரண்டாம் உலகப் போர்ல ஒளிஞ்சிருந்தப்ப டைரி எழுதின யூதப் பொண்ணு ஆன் ஃபிராங்க், அவ வீட்டைத்தான் சொல்றாங்க. உள்ள போய்ட்டு வெளிய வந்து கால்வாய் ஓரமா நின்னதும் கேள்வி ஆரம்பிக்கும், யார் வந்தாலும் அதே கேள்விங்கதான். ஒவ்வொரு தடவையும் வாய் வலிக்கச் சொல்றதுக்கு பதிலா ஒரே தடவையா எழுதி வெச்சுட்டா அனுப்பிடலாம்னு தோணுச்சு, அதான் இது.

மொதல்ல, எதுக்கு ஒளியணும்? என்னதான் நடந்துச்சு?

1940 மே மாசம் ஜெர்மனி நெதர்லாந்துக்குள்ள பூந்துச்சு, அஞ்சு நாள்ல டச்சு ராணுவம் கைய தூக்கிடுச்சு. அப்போ இங்க இருந்த யூதர்கள் சுமார் 1,40,000 பேர். ஒரே நாள்ல எதுவும் பண்ணலை, அதான் அதுல இருந்த தந்திரமே. மொதல்ல பேர் பதியச் சொன்னாங்க. அப்புறம் அடையாள அட்டையில பெருசா 'ஜே' எழுத்து. பார்க்குக்குப் போகக்கூடாது, சினிமாவுக்குப் போகக்கூடாது, பசங்களுக்குத் தனி ஸ்கூல். 1942 மே மாசத்துல இருந்து சட்டையில மஞ்சள் நட்சத்திரம் தச்சுக்கணும். அப்புறம் சைக்கிளையும் ஒப்படைக்கணும், சைக்கிள் இல்லாம இந்த ஊர்ல எப்படி வாழறதுன்னு இங்க இருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க.

1942 ஜூலையில "ஜெர்மனியில வேலை, கிளம்பி வா"ன்னு லெட்டர் வர ஆரம்பிச்சுது. ஜூலை 5-ஆம் தேதி அந்த லெட்டர் வந்த ஆயிரக்கணக்கான பேர்ல ஒருத்தி மார்காட் ஃபிராங்க், ஆனோட அக்கா, வயசு 16. மறுநாள் காலையிலேயே மொத்தக் குடும்பமும் வீட்டை விட்டுப் போயிடுச்சு. ஒளியாம லெட்டருக்குக் கட்டுப்பட்டவங்க வெஸ்டர்போர்க்னு ஒரு முகாமுக்குப் போய், அங்கிருந்து ரயில்ல கிழக்கே. ரயில் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை கிளம்பும். போன ரயில் எங்க போய் நின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியும், ஆஷ்விட்ஸ், சோபிபோர், யூதர்களைக் கூட்டம் கூட்டமா கொன்ன முகாமுங்க.

வெளிநாட்டுக்கு ஓடியிருக்கலாமே?

எங்க ஓடுறது? மேப்பை எடுத்துப் பாருங்க. ஒரு பக்கம் ஜெர்மனியே, கீழ பெல்ஜியம் அதுவும் ஜெர்மன் கையில, மத்த ரெண்டு பக்கமும் கடல். மலை கிடையாது, சொல்லிக்கிற மாதிரி காடு கிடையாது, தோசைக்கல்லு மாதிரி தட்டையான ஊர்.

இதுல இன்னொன்னு, ஃபிராங்க் குடும்பம் ஏற்கனவே ஒரு தடவை ஓடி வந்தவங்கதான். ஜெர்மனியில ஃபிராங்க்ஃபர்ட்காரங்க, ஹிட்லர் வந்ததும் 1933-34ல ஆம்ஸ்டர்டாம் வந்து செட்டில் ஆனாங்க. அப்பா ஓட்டோ அமெரிக்காவுக்கும் ட்ரை பண்ணார், 1938லயே அப்ளை பண்ணி வெச்சிருந்தார். ராட்டர்டாம்ல குண்டு போட்டப்ப அமெரிக்கத் தூதரக ஆபீஸோட சேர்ந்து அந்த பேப்பரெல்லாம் எரிஞ்சு போச்சு, மறுபடி முதல்ல இருந்து. 1941ல அமெரிக்காவுல இருந்த காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தருக்கு லெட்டர் மேல லெட்டர் எழுதினார், பெரிய இடத்துல இருந்த ஃப்ரெண்டுதான், அப்படியும் விசா கிடைக்கலை. அதனால "ஏன் போகலை"ன்னு கேக்குறப்ப எனக்குக் கொஞ்சம் கோவம் வரும். கதவை யார் சாத்துனாங்கன்னு கேளுங்க.

ஆபீஸுக்குப் பின்னாடியே ஒளிஞ்சாங்களாமே, அது எப்படி?

ஆமா, ஓட்டோவோட சொந்த ஆபீஸ்தான். பிரின்சென்கிராக்ட் கால்வாய் ஓரம், 263-ஆம் நம்பர். ஜாம் கெட்டியாகப் போடுற பெக்டின், அப்புறம் இறைச்சிக்குப் போடுற மசாலா, இதான் பிசினஸ். கீழ கோடவுன், மேல ஆபீஸ். இந்த ஊர் பழைய வீடுங்க முன்னால இருந்து பாத்தா ஒல்லியா இருக்கும், ஆனா பின்னாடி நீளமாப் போய் இன்னொரு கட்டடம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்தப் பின்கட்டுல மேல் மாடிங்கதான் ஒளிஞ்ச இடம்.

மொதல்ல ஃபிராங்க் குடும்பம் 4 பேர். ஒரு வாரத்துல ஓட்டோவோட பிசினஸ் கூட்டாளி ஃபான் பெல்ஸ், அவர் மனைவி, பையன் பீட்டர். நவம்பர்ல ஃபிரிட்ஸ் ஃபெஃபர்னு ஒரு பல் டாக்டர். மொத்தம் 8 பேர். அந்த டாக்டருக்கு ரூம் இல்லாததால 13 வயசு ஆன் ஒரு ஐம்பது வயசு மனுஷனோட ரூமை பங்கு போட வேண்டியதாச்சு. எங்க பெரியம்மா இதைக் கேட்டுட்டு "அய்யய்யோ"ன்னு வாயில கை வெச்சது இன்னும் ஞாபகம் இருக்கு, வீட்டுக்குள்ள நடந்த சண்டையில பாதி இதுலதான் ஆரம்பிச்சிருக்கும்.

வாசல்ல புத்தக அலமாரி வெச்சு மறைச்சது ஆரம்பத்துல கிடையாது. ஆகஸ்ட் 1942லதான் வந்துச்சு. கோடவுன் பாத்துக்கிட்ட யோஹன் வொஸ்கைல், ஆபீஸ்ல டைப்பிஸ்ட் வேலை பாத்த பெப் பொண்ணோட அப்பா, அவர்தான் கீல் வெச்சு கதவு மாதிரி திறக்குறாப்ல செஞ்சு கொடுத்தார். அலமாரியில ஆபீஸ் ஃபைலுங்க.

பாத்ரூம் எப்படிப் போனாங்க?

எங்க சித்திதான் இதை மொதல்ல கேட்டாங்க, கேட்டுட்டு வெக்கப்பட்டாங்க. ஆனா என்னைக் கேட்டா எல்லாக் கேள்வியிலயும் இதான் சரியான கேள்வி. ஏன்னா ஒளிஞ்சு வாழறதுன்னா சினிமாவுல காட்டுற மாதிரி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருட்டுல உக்காந்திருக்கிறது கொஞ்ச நேரம்தான், மீதி இரண்டு வருஷமும் இந்த மாதிரி அல்ப விஷயங்கதான்.

பின்கட்டுல டாய்லெட் இருந்துச்சு, தண்ணியும் வந்துச்சு. பிரச்சனை சத்தம். காலையில எட்டரை மணிக்கு கோடவுன் ஆளுங்க வந்துடுவாங்க, அவங்களுக்கு மேல ஆள் இருக்கிறது தெரியாது. குழாய் அவங்க பக்கமாத்தான் கீழ இறங்குது. அதனால அவங்க இருக்கிற வரைக்கும் ஃப்ளஷ் பண்ணக்கூடாது, குழாயைத் திறக்கக்கூடாது, ஷூ போட்டு நடக்கக்கூடாது, இருமல் வந்தா போர்வைக்குள்ள மூஞ்சிய புதைச்சுக்கணும். மத்தியானம் கோடவுன் ஆளுங்க சாப்பாட்டுக்குப் போற நேரம், சாயந்தரம் அஞ்சரைக்கு மேல, ஞாயித்துக்கிழமை, இதான் விடுதலை.

ஒரு தடவை கீழ பிளம்பர் வந்து குழாய் வேலை பாத்தப்ப நாள் பூரா டாய்லெட்டே கிடையாது, ஊறுகாய் ஜாடி மாதிரி கண்ணாடி ஜாடியைத்தான் பயன்படுத்த வேண்டி வந்துச்சு. இன்னொரு தடவை, 1944 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு ராத்திரி, கீழ திருடன் பூந்துட்டான். கதவுல ஓட்டை. ராத்திரி பதினொன்னேகால் வாக்குல போலீஸ் வந்து படியேறி அந்த அலமாரியைப் பிடிச்சு ரெண்டு தடவை ஆட்டிட்டுப் போயிருக்காங்க. எட்டு பேரும் அந்தப் பக்கம் மூச்சு விடாம. போனாங்களா, கீழயே நிக்கிறாங்களான்னு தெரியாததால விடிய விடிய யாரும் நகரலை, பீட்டரோட தகரக் குப்பைத்தொட்டிதான் அன்னிக்கு டாய்லெட். அந்த நாத்தத்துலயே எட்டு பேரும் படுத்திருக்காங்க.

எட்டு பேருக்கு சாப்பாடு எங்கிருந்து வந்துச்சு?

இதைப் பத்தி நான் கொஞ்சம் நீளமாவே பேசுவேன், பொறுத்துக்கோங்க.

போர்க்காலம், எல்லாமே ரேஷன். ரொட்டி, பால், மாமிசம், சோப்பு எதுவா இருந்தாலும் கூப்பன் வேணும். கூப்பன் வேணும்னா பதிஞ்ச பேர் வேணும். ஒளிஞ்சவனுக்குப் பேரே கிடையாது. அதனால ஒருத்தரை ஒளிச்சு வெக்கிறதுல இடம் பிடிக்கிறது சின்ன வேலை, தினம் தினம் வயித்துக்குப் போடுறதுதான் பெரிய வேலை. எட்டு பேருக்கு வாங்குற சாமான் பையைத் தூக்கிட்டு ஒரு பொண்ணு தெருவுல நடந்தாலே பாக்குறவனுக்கு சந்தேகம் வரும்.

இந்த வீட்டுல அந்த வேலையை நாலு ஆபீஸ் ஸ்டாஃப் பண்ணாங்க. மீப் கீஸ் காய்கறியும் மாமிசமும், பெப் வொஸ்கைல் பாலும் ரொட்டியும், க்ளைமன், கூக்ளர் ரெண்டு பேரும் பிசினஸை ஓட்டிக்கிட்டே பணத்துக்கும் மத்த ஏற்பாட்டுக்கும். மீப்போட புருஷன் யான் கள்ள கூப்பன் ஏற்பாடு பண்ற எதிர்ப்பு இயக்கத்து ஆளுங்ககிட்ட இருந்து மாசாமாசம் வாங்கிட்டு வருவார். பெப்புக்கு அப்போ வயசு 23. நம்ம வீட்டுல 23 வயசுப் பொண்ணை ஏடிஎம்முக்கு தனியா அனுப்ப யோசிப்போம்.

ஃபான் பெல்ஸ் மசாலா ஆளு இல்லையா, கசாப்புக் கடைக்காரங்க அவருக்கு நல்ல பழக்கம். ஒளியறதுக்கு முன்னாடியே மீப்பை ஒரு கடைக்கு சும்மா கூடவே கூட்டிட்டுப் போயிருக்கார், எதுக்குன்னு மீப்புக்கு அப்போ புரியலை. பின்னாடி மீப் அந்தக் கடையில போய் நின்னப்ப கடைக்காரர் மூஞ்சியைப் பாத்தாரு, ஒரு வார்த்தை கேக்கலை, கறியை மடிச்சுக் கொடுத்துட்டாரு.

அதே மாதிரி பக்கத்துத் தெருவுல ஃபான் ஹூஃபன்னு ஒரு காய்கறிக்காரர். இவ்ளோ உருளைக்கிழங்கு யாருக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. கோடவுன் ஆளுங்க சாப்பிடப் போற நேரமாப் பாத்து மூட்டையைக் கொண்டு வந்து வெச்சுட்டுப் போவார். மேல சொன்ன திருட்டு நடந்த ராத்திரி அவரும் பொண்டாட்டியும் அந்தப் பக்கமா நடந்து போயிருக்காங்க, கதவுல ஓட்டையைப் பாத்திருக்கார், போலீஸைக் கூப்பிடலை. அப்புறமா மீப்போட புருஷன் யான்கிட்ட பேசுறப்ப, எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா உங்க விஷயத்துல கூப்பிடாம இருக்கிறதுதான் நல்லதுன்னு தோணுச்சுங்கிற மாதிரி சொன்னாராம். மனுஷன் தன் வீட்டுலயே ரெண்டு யூதர்களை வெச்சிருந்தார், அது மாட்டி 1944 மே மாசம் அவரைப் பிடிச்சிட்டுப் போனாங்க. அன்னிலேர்ந்து பின்கட்டுல சாப்பாடு இன்னும் குறைஞ்சு போச்சு, ஒரு வேளையை விட்டுட்டு சாப்பிட்டாங்க. அவர் முகாம்ல இருந்து உயிரோட திரும்பி வந்தார்.

மெனுன்னு பாத்தா கொடுமை. ஒரு சீசன்ல கீரைன்னா காலை மாலை கீரைதான், அடுத்து நூல்கோல்னா நூல்கோல்தான், அடுத்து புளிச்ச முட்டைகோஸ். மொச்சை மாதிரி ஒரு காஞ்ச பயறு ஆறு மூட்டை வாங்கி வெச்சிருந்தாங்க, பீட்டர் அதை மாடிக்கு ஏத்துறப்ப கடைசி மூட்டை தையல் பிரிஞ்சு படியெல்லாம் பயறு மழை, கீழ நின்ன ஆன் நடுவுல தீவு மாதிரி. ரொம்ப நாளைக்கு யார் படியேறினாலும் மூலையில கிடக்குற பயறை நாலு பொறுக்கிட்டுதான் போவாங்களாம். எங்க வீட்டுல அரிசி டப்பா கவுந்தா பாட்டி இதைத்தான் பண்ணுவாங்க.

உடம்பு சரியில்லன்னா?

டாக்டரைக் கூப்பிட முடியாது. வந்தது பெருசா இல்லாம போனது அதிர்ஷ்டம். ஆனுக்குக் கண்ணு மங்கலாகி கண்ணாடி தேவைப்பட்டுச்சு, வெளிய கூட்டிட்டுப் போலாமான்னு பேசிப் பேசி விட்டுட்டாங்க. பல்லு வலிக்கு மட்டும் கவலையில்ல, பல் டாக்டர் உள்ளேயே இருந்தாரே. ஃபான் பெல்ஸ் மனைவியோட பல்லை அவர் பாத்தப்ப அந்தம்மா கொக்கியைப் பல்லுல மாட்டின வாக்குலயே கையைக் காலை உதைச்சு பண்ணின கலாட்டா டைரியில இருக்கு, அந்தப் பக்கத்தைப் படிச்சா சிரிப்பை அடக்க முடியாது. வேற இடங்கள்ல இவ்ளோ சிரிக்கிற மாதிரி இல்ல. ஒளிஞ்ச இடத்துல யாராவது செத்துப் போனா பிணத்தை என்ன பண்றதுங்கிறது நிஜமாவே பல வீடுகள்ல வந்த பிரச்சனை. பிரசவமும் நடந்திருக்கு.

காசு?

வேணும், நிறையவே. ஓட்டோகிட்ட பிசினஸ் இருந்துச்சு, முன்கூட்டியே சாமான் சேத்து வெச்சாங்க. ஃபான் பெல்ஸ் குடும்பத்துக்குக் காசு கரைஞ்சதும் அந்தம்மாவோட முயல் ரோமக் கோட்டை 325 கில்டருக்கு (அப்போதைய டச்சுக் காசு) வித்தாங்க, வீட்டுக்குள்ள பெரிய சண்டை அதுக்கு. வெளிய எல்லாரும் நல்லவங்களும் இல்ல. சில வீட்டுக்காரங்க சும்மா வெச்சுக்கிட்டாங்க, சில பேர் செலவுக்கு மட்டும் வாங்கினாங்க, சில பேர் வாடகைன்னு கறந்து எடுத்து காசு தீந்ததும் வெளிய தள்ளினாங்க.

எல்லா யூதக் குடும்பமும் இப்படித்தான் ஒண்ணா ஒளிஞ்சு இருந்தாங்களா?

இல்ல. இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் அழுத்திச் சொல்றது. ஃபிராங்க் வீடு ஃபேமஸ் ஆனதால அதான் நார்மல்னு நினைச்சுக்கிறோம், ஆனா அப்பா அம்மா ரெண்டு பிள்ளைங்க ஒரே கூரைக்குக் கீழ, ஒரே இடத்துல இரண்டு வருஷம், சம்பளம் வாங்குற நம்பிக்கையான ஸ்டாஃப் கீழயே, இது லட்சத்துல ஒண்ணு. நாலு பேரை ஒண்ணா எடுத்துக்க யார்கிட்ட இடம் இருக்கு? அதனால பெரும்பாலும் குடும்பத்தைப் பிச்சுதான் வெச்சாங்க. அப்பா ஒரு ஊர்ல மாட்டுக்கொட்டாய் பரண்ல, அம்மா வேற ஊர்ல வேலைக்காரி வேஷத்துல, பிள்ளைங்க ஆளுக்கொரு வீட்டுல. யார் எங்க இருக்காங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லக்கூடாது, ஒருத்தர் மாட்டினா மத்தவங்களைக் கக்கிடக் கூடாதுன்னு. ஒரே இடத்துலயும் இருக்க முடியாது, பக்கத்து வீட்டுக்காரன் ஒரு மாதிரி பாத்தாலே ராத்திரியோட ராத்திரியா அடுத்த வீடு.

தலைமறைவுன்னு நாம சொல்றதுக்கு டச்சுல 'ஒண்டர்டைக்கர்'னு சொல்வாங்க, தண்ணிக்குள்ள முங்கினவன்னு அர்த்தம். அப்படி முங்கினவங்க எல்லாம் யூதர்கள் மட்டும் இல்ல, ஜெர்மன் ஃபேக்டரி வேலைக்குப் போக மாட்டேன்னு ஓடின டச்சுப் பையன்களும் சேத்து மொத்தம் 3 லட்சத்துக்கு மேல. அத்தனை பேருக்கும் கூப்பன் வேணுமே, அதுக்காகவே ஒரு ரகசிய அமைப்பு. டான்டே ரீக், அதாவது ரீக் அத்தைன்னு கூப்பிடப்பட்ட ஹெலேனா கௌபர்ஸ்னு ஒரு குடும்பத்தலைவியும் ஃபிரிட்ஸ் ஸ்லோம்ப்னு ஒரு பாதிரியாரும் 1942 கடைசியில ஆரம்பிச்சாங்க. இவங்களோட இன்னொரு கோஷ்டி துப்பாக்கியோட ரேஷன் ஆபீஸ்ல கொள்ளை அடிச்சு கூப்பன் கொண்டு வரும். அந்த அத்தை பிடிபட்டு ராவன்ஸ்ப்ரூக் முகாம்ல செத்துட்டாங்க, அஞ்சு பிள்ளைங்களுக்குத் தாய்.

நியூலாண்டேன்னு வடக்கே ஒரு சின்ன கிராமம் இருக்கு. அங்க கிட்டத்தட்ட ஊரே சேர்ந்து ஒளிச்சு வெச்சிருக்கு, அதனால ஊருக்கே சேத்து இஸ்ரேல்ல மரியாதை பண்ணாங்க.

சின்னக் குழந்தைங்களை எப்படி ஒளிச்சாங்க? அழுதா?

ஆம்ஸ்டர்டாம்ல பிளான்டேஜ் மிடன்லான் ரோட்டுல ஒரு நாடகக் கொட்டகை, ஹாலன்ட்ஷ ஸ்கவ்பர்க். பிடிச்ச யூதர்களை ரயில் வர்ற வரைக்கும் அங்கதான் அடைச்சாங்க. கைக்குழந்தைங்க சத்தம் தாங்காம ஜெர்மன்காரங்களே குழந்தைங்களை மட்டும் எதிர்ல இருந்த பால்வாடிக்கு அனுப்பினாங்க. பால்வாடி நடத்தினது ஹென்ரியெட் பிமென்டெல்னு ஒரு அம்மா. கொட்டகையில கணக்கு எழுதுற பொறுப்பு வால்டர் ஸுஸ்கிண்ட்ங்கிற யூதர்கிட்ட. பக்கத்துல டீச்சர் ட்ரெயினிங் காலேஜ், அதுக்குப் பொறுப்பு யோஹன் ஃபான் ஹல்ஸ்ட். இந்த மூணு பேர் சேர்ந்தாங்க.

பெத்தவங்ககிட்ட போய் குழந்தையை விட்டுடுங்கன்னு கேக்கணும். யார்கிட்ட போகும்னு சொல்ல முடியாது, திரும்பக் கிடைக்கும்னும் சொல்ல முடியாது. சில பேர் கொடுத்தாங்க, சில பேர் மாட்டேன்னுட்டாங்க. கொடுத்த குழந்தையோட கார்டை ஸுஸ்கிண்ட் லிஸ்டுல இருந்து எடுத்துடுவார். அப்புறம் பின்பக்கத் தோட்ட வேலி மேல காலேஜுக்குத் தாண்டவிட்டு, கூடையில, துணிப்பையில, பால் கேன்ல போட்டு வெளிய. வாசல் வழியாப் போகணும்னா, கொட்டகைக்கும் பால்வாடிக்கும் நடுவுல ட்ராம் ஓடும், ட்ராம் வந்து நின்னு காவலுக்கு நிக்கிறவன் கண்ணை மறைக்கிற அந்த நிமிஷத்துல குழந்தையோட ட்ராம் கூடவே ஓடி ஏறிடுவாங்க. ட்ராம்ல இருந்தவங்க எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும், ஒருத்தரும் வாய் திறக்கலை. சுமார் 600 குழந்தைங்க இப்படி வெளிய வந்துச்சு.

பிமென்டெல் அம்மாவை 1943ல ஆஷ்விட்ஸ்ல கொன்னுட்டாங்க. ஸுஸ்கிண்ட், அவர் மனைவி, சின்ன மக, மூணு பேரும் போயிட்டாங்க. ஃபான் ஹல்ஸ்ட் 107 வயசு வரைக்கும் இருந்து 2018ல செத்தார். பால்வாடியைக் காலி பண்ண கடைசி நாள்ல காலேஜ் வழியா எத்தனை பேரை எடுத்துட்டுப் போக முடியும்னு அவரைக் கேட்டாங்களாம், அவர் பன்னெண்டோ என்னவோ கூட்டிட்டுப் போனார், ஏன் பதிமூணு கூட்டிட்டுப் போகலைன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்திருக்கார்.

ரெய்டு வந்தா என்ன பண்ணுவாங்க?

ஹார்லெம்ல டென் பூம்னு ஒரு கடிகாரக் கடைக் குடும்பம். மேல் மாடி பெட்ரூம்ல செங்கல் சுவர் ஒண்ணு கூடுதலாக் கட்டி அதுக்குப் பின்னாடி அலமாரி அகலத்துக்கு ஒரு பொந்து. மணி அடிச்சா எல்லாரும் ஒரு நிமிஷத்துக்குள்ள பொந்துக்குள்ள இருக்கணும்னு அடிக்கடி டெஸ்ட் வெப்பாங்க. தட்டு எண்ணிக்கை சரியா இருக்கணும், மெத்தையைத் திருப்பிப் போடணும், இல்லன்னா சூட்டை வெச்சே இப்பதான் ஆள் எழுந்து போயிருக்கான்னு கண்டுபிடிச்சுடுவாங்க. 1944 பிப்ரவரி 28 நிஜ ரெய்டு. வீட்டுக்காரங்களை எல்லாம் பிடிச்சிட்டாங்க, பொந்துல இருந்த 6 பேரை மட்டும் கண்டுபிடிக்க முடியலை, ரெண்டு நாளுக்கு மேல உள்ளேயே நின்னுக்கிட்டு இருந்து அப்புறம் தப்பிச்சாங்க. 84 வயசுத் தாத்தா காஸ்பர் டென் பூம் ஜெயிலுக்குப் போன பத்தே நாள்ல செத்துட்டார். மக பெட்ஸி முகாம்ல. இன்னொரு மக கோரி திரும்பி வந்தாங்க.

ஒளிச்சு வெச்சவங்களுக்கு என்ன தண்டனை?

இங்க முகாம், ஜெயில். போலந்துல நேரா மரண தண்டனை, குடும்பத்தோட. மார்கோவாங்கிற போலந்து கிராமத்துல உல்மா குடும்பம் 8 யூதர்களை வெச்சிருந்தாங்க, 1944 மார்ச் 24 அந்த 8 பேரையும் சுட்டு, புருஷன் பொண்டாட்டியையும் 6 குழந்தைங்களையும் சுட்டாங்க, அந்தம்மா அப்போ நிறைமாசம். ஃபிராங்க் வீட்டுல க்ளைமனையும் கூக்ளரையும் பிடிச்சாங்க, ரெண்டு பேரும் பிழைச்சாங்க. பிடிக்க வந்த ஆபீஸர் வியன்னாக்காரன், மீப்பும் பொறந்தது வியன்னா, பேச்சுல கண்டுபிடிச்சு நீயும் அந்த ஊரா, நானும்தான்னு சொல்லியிருக்காங்க, கத்திட்டு விட்டுட்டுப் போயிட்டான். அதோட சும்மா இல்ல அந்தம்மா, காசு திரட்டித் தர்றேன், விட்டுடுன்னு பேரம் பேச அவன் ஆபீஸுக்கே போனாங்க. நடக்கலை. இதுல இன்னொன்னு, மீப்பும் யானும் அந்த நேரத்துல தங்களோட வீட்டுலயே ஒரு காலேஜ் பையனையும் ஒளிச்சு வெச்சிருந்தாங்க. பின்கட்டுல இருந்தவங்களுக்குக்கூட அதைச் சொல்லலை.

காட்டிக் கொடுத்தது யாரு?

1944 ஆகஸ்ட் 4 பிடிபட்டாங்க. யார் சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் நிரூபணம் இல்ல. 2022ல ஒரு டீம் ஒரு யூத வக்கீலைக் கைகாட்டிச்சு, உலகம் பூரா நியூஸ், ரெண்டே மாசத்துல வரலாற்று ஆளுங்க அதைக் கிழிச்சுத் தொங்க விட்டாங்க, டச்சுப் பதிப்பாளர் புத்தகத்தையே வாபஸ் வாங்கிட்டார். கள்ள கூப்பன் கேஸைத் தேடி வந்தப்ப தற்செயலா மாட்டியிருக்கலாம்னு 2016ல ஆன் ஃபிராங்க் வீட்டு மியூசியமே ஒரு ஆய்வு போட்டுச்சு, எனக்கு அது நம்புற மாதிரி இருக்கு. எல்லாரும் ஒரு வில்லன் பேரைக் கேக்குறாங்க, ஆனா 1943ல ஆம்ஸ்டர்டாம்ல ஒளிஞ்ச யூதர் தலைக்கு 7.50 கில்டர்னு வாங்கிட்டு ஆயிரக்கணக்கான பேரைப் பிடிச்சுக் கொடுத்த டச்சுக் கும்பலே இருந்துச்சு, ஹென்னெக்கே கும்பல்னு பேரு. அதைப் பத்தி யாரும் கேக்குறதில்ல.

மொத்தம் எத்தனை பேர் பிழைச்சாங்க?

நெதர்லாந்துல ஒளிஞ்ச யூதர்கள் சுமார் 28,000 பேர். பிழைச்சது 16,000 போல. ஒளியாதவங்க நிலைமை இன்னும் மோசம், ரயில் ஏத்தின 1,07,000 பேர்ல திரும்பி வந்தது 5,000 சொச்சம்தான். ஃபிராங்க் வீட்டு எட்டு பேர்ல ஓட்டோ ஒருத்தர் மட்டும். ஆனும் மார்காட்டும் 1945 ஆரம்பத்துல பெர்கன்-பெல்சன்ல டைஃபஸ் மாதிரி காய்ச்சல்ல போயிட்டாங்க, ஏப்ரல்ல முகாம் விடுதலை ஆச்சு.

பெர்லின்லயே ஹிட்லர் மூக்குக்குக் கீழ 7,000 பேர் மாதிரி ஒளிஞ்சாங்க, 1,700 பேர் வாக்குல பிழைச்சாங்க. உக்ரைன்ல ஒரு குகைக்குள்ள 38 பேர் 344 நாள் வெயிலே பாக்காம இருந்தாங்க. லிவிவ்ல சாக்கடைக்குள்ள 14 மாசம், சோறு போட்டது சாக்கடை வேலை பாத்த லியோபோல்ட் சோஹா, முன்னாள் திருடன். அதைப் பத்தி தனியாவே எழுதலாம்.

டைரியே போலின்னு வாட்ஸப்ல வந்துச்சே?

வரும். பால் பாயின்ட் பேனா அப்போ கிடையாது, டைரியில பால் பாயின்ட் எழுத்து இருக்குன்னு சொல்வாங்க. 1960 வாக்குல கையெழுத்தை ஆராய்ச்சி பண்ண ஒருத்தர் நடுவுல விட்டுட்டுப் போன ரெண்டு துண்டுச்சீட்டு அது, டைரி இல்ல. டச்சு அரசாங்கத் தடயவியல் லேப் பேப்பர், மை, பசை, கையெழுத்து எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணி 1986ல ரிசல்ட் புத்தகமாவே வந்துடுச்சு. உண்மைதான். அடுத்த தடவை ஃபார்வர்ட் வந்தா இதை அனுப்புங்க.

போர் முடிஞ்சதும் சந்தோஷமா வீடு திரும்பினாங்களா?

வீட்டுல வேற ஆள் குடியிருந்தான். பாத்திரம் பண்டம் "பத்திரமா வெச்சுக்க"ன்னு கொடுத்துட்டுப் போன பக்கத்து வீட்டுக்காரங்க எதையும் திருப்பிக் கொடுக்கலை. ஆம்ஸ்டர்டாம் முனிசிபாலிட்டி ஒரு படி மேல போய், நீங்க முகாம்ல இருந்தப்ப நிலக் குத்தகைப் பணம் கட்டலை, அபராதத்தோட கட்டுங்கன்னு பில் அனுப்பிச்சு. நிஜமா. அதுக்கு 2016லதான் ஒரு கோடி யூரோ ஒதுக்கினாங்க. ரெண்டாயிரத்துக்கு மேல குழந்தைங்க அனாதையா நின்னுச்சு, வளர்த்த கிறிஸ்தவக் குடும்பம் விட மாட்டேங்குது, யூத சமுதாயம் எங்க பிள்ளைன்னு கேக்குது, வருஷக்கணக்கா கேஸ். சில குழந்தைங்களுக்கு வளர்த்த அம்மாதான் அம்மா, உயிரோட திரும்பி வந்த சொந்த அம்மா யாரோ ஒரு ஒல்லியான பொம்பளை.

நாங்க போய் பாக்கணும், எப்படி?

பிரின்சென்கிராக்ட் வீட்டுக்கு ஆன்லைன் டிக்கெட் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை ஆறு வாரத்துக்கு அப்புறமான டிக்கெட்டை விடுவாங்க, தத்கால் மாதிரி அடிச்சுப் பிடிச்சு எடுக்கணும். படி ரொம்பச் செங்குத்து, முழங்கால் வலி இருக்கிறவங்க யோசிச்சுக்கோங்க. உள்ள ஃபோட்டோ எடுக்க விட மாட்டாங்க. ரூமெல்லாம் காலியா இருக்கும், பிடிச்சதுக்கு அப்புறம் சாமானை அள்ளிட்டுப் போயிட்டாங்க, அப்படியே காலியா இருக்கட்டும்னு ஓட்டோ சொல்லிட்டார். ஆன் ஒட்டின சினிமா ஸ்டார் படங்க சுவர்ல இருக்கு. இன்னொரு சுவர்ல பென்சில் கோடு, பொண்ணுங்க உயரத்தை அளந்து அளந்து போட்டது. ஆன் அந்த இரண்டு வருஷத்துல 13 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கு. எங்க சித்தி அங்கதான் ரொம்ப நேரம் நின்னாங்க.

டிக்கெட் கிடைக்கலன்னா பரவாயில்ல, பிளான்டேஜ் மிடன்லான் போங்க. அந்தக் காலேஜ் கட்டடம் 2024 மார்ச்ல இருந்து ஹோலோகாஸ்ட் மியூசியம், எதிர்லயே நாடகக் கொட்டகை. நடுவுல ட்ராம் இப்பவும் ஓடுது, 14-ஆம் நம்பர். காலேஜ் வாசல்ல நின்னுக்கிட்டு ட்ராம் வர்றப்ப எதிர்ப்பக்கம் எவ்ளோ நேரம் மறையுதுன்னு எண்ணிப் பாருங்க. நான் எண்ணினப்ப ஒன்பது வரைக்கும் வந்துச்சு.